மகஜர் கொடுத்த பிறகு என்ன செய்வது? திருகோணமலையில் வீதிக் கோரிக்கையை உபவிதி வரை கொண்டுபோக ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் கவனயீர்ப்புப் போராட்டம் எப்படி நடக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் பதாகைகளோடு கூடுவார்கள். வெயில் ஏறும்வரை கோஷம். ஊடகக்காரருக்கு இரண்டு பேர் பேட்டி கொடுப்பார்கள். பிறகு நாலைந்து பேர் உள்ளே போய் மகஜர் கையளிப்பார்கள். அதிகாரி அதை வாங்குகிற படம் மாலைக்குள் முகநூலில் வந்துவிடும். பெரும்பாலான போராட்டங்கள் அந்தப் படத்தோடு முடிந்துபோகின்றன. மகஜர் எந்த மேசைக்குப் போனது, யார் எப்போது பதில் தர வேண்டும் என்று அதன் பிறகு ஒருவரும் கேட்பதில்லை.

சனசமூக நிலையத்திலோ மாதர் சங்கத்திலோ மீனவர் சங்கத்திலோ புதிதாகப் பொறுப்பெடுத்தவர்களுக்கும், ஊருக்குப் புதிதாகக் குடிவந்து வட்டாரப் பிரச்சினையில் தலையிட நினைக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வீதியில் நிற்பதால் உங்கள் விடயம் சபையின் நிகழ்ச்சிநிரலில் ஏறலாம். அது உபவிதியாக, அதாவது சபை தன் எல்லைக்குள் போடுகிற சட்டமாக, மாறுவதற்குப் பிரேரணை, வரைவு, அங்கீகாரம், வர்த்தமானி என்று நீண்ட கடதாசி வேலை கிடக்கிறது. அந்த வேலையையும் போராடியவர்களே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் நிலைப்பாடு. விட்டால், உங்கள் கோரிக்கையை வேறு யாரோ தங்களுக்குத் தெரிந்த மாதிரி எழுதி முடிப்பார்கள்.

முதலில் சரியான வாசலைக் கண்டுபிடியுங்கள்

இந்த ஊரில் பாதிப் போராட்டங்கள் பிழையான கட்டடத்தின் முன்னால்தான் நடக்கின்றன. நகரத்துக்குள் இருப்பது மாநகர சபை. முன்பு நகரசபையாக இருந்தது, 2025 உள்ளூராட்சித் தேர்தலோடு மாநகர சபையாகிவிட்டது. ஆனால் உப்புவெளிப் பக்கம் போனால் அது பட்டினமும் சூழலும் பிரதேச சபை. அதே பெயரில் பிரதேச செயலகம் ஒன்றும் இருக்கிறது. அது மத்திய அரசின் நிர்வாகத்துக்குரியது, உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் சபை அதற்குக் கிடையாது. கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், வேறு, மாகாண சபைத் திணைக்களங்கள் வேறு. பெயர் ஒத்துப்போவதால் பிரதேச சபைக்குப் போக வேண்டிய மகஜர் பிரதேச செயலாளரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்த சிக்கல் காணி. துறைமுக அதிகார சபை, கடற்படை, இராணுவம், தொல்லியல் திணைக்களம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், வீதி அபிவிருத்தி அதிகார சபை என்று இந்த நகரத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். திருக்கோணேஸ்வரத்துக்குப் போகிற வழியை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை வாசலால் நுழைந்தால் உள்ளே இராணுவ முகாம், கோட்டையும் கோயில் சூழலும் தொல்லியல் திணைக்களத்தின் பார்வையில், மேலே கோயில் நிர்வாகம். அந்த வீதியோரக் கடைகளைப் பற்றி மாநகர சபை மட்டும் தனியாக முடிவெடுக்க முடியாது.

2025 இல் முத்துநகர் விவசாயிகள் சூரிய மின்திட்டங்களுக்காகத் தங்கள் வயற்காணி போவதை எதிர்த்து மாவட்டச் செயலகத்தின் முன்னால் தொடர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் தெரிந்தேதான் அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். அது துறைமுக அதிகார சபை உரிமை கோரும் காணி, தீர்வு கொழும்பிலிருந்து வர வேண்டியது. அந்த விடயத்தைச் சபை உபவிதியால் தீர்க்க முடியாது.

அப்படியானால் சபையின் கையில் என்ன இருக்கிறது? குப்பை, வடிகால், சந்தை, இறைச்சிக் கடை, உணவகங்களின் சுகாதாரம், விளம்பரப் பலகை, வாகனத் தரிப்பிடம், பூங்கா, மயானம், கட்டாக்காலி மாடு, வியாபார அனுமதிப்பத்திரம், சோலைவரி. பார்க்கச் சின்னச் சின்ன விடயங்கள்தான். ஆனால் ஒரு குடும்பம் நாளாந்தம் முகங்கொடுக்கிற தொல்லைகளில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். உங்கள் பிரச்சினை இந்தப் பட்டியலில் இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

உபவிதி எப்படிப் பிறக்கிறது

மாநகர சபைகள் இயங்குவது 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ். பிரதேச சபைகளுக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். இரண்டிலும் சபைக்கு உபவிதி ஆக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் சபை நிறைவேற்றிய உடனே அது சட்டமாகாது. உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சர் அங்கீகரித்து வர்த்தமானியில் வந்தால்தான் செல்லும். மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்துக்குப் பிறகு அந்த அமைச்சர் மாகாண அமைச்சர். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்து, அதன் பிறகு தேர்தலே நடக்காததால், அந்த இடத்தில் ஆளுநர் இருக்கிறார். ஒரு வசதி என்னவென்றால், ஆளுநர் செயலகமும் மாகாண உள்ளூராட்சித் திணைக்களமும் திருகோணமலையிலேயே இருக்கின்றன. மட்டக்களப்புக்காரரும் அம்பாறைக்காரரும் இதற்காக பஸ் ஏற வேண்டும். உங்களுக்கு ஆளுநர் செயலகம் இருக்கிற உவர்மலைக்கு ஒரு ஓட்டோ போதும்.

குறுக்கு வழியும் ஒன்று உண்டு. 1952 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டப்படி, ஏற்கனவே தயாரித்து வெளியிடப்பட்ட மாதிரி உபவிதிகளைச் சபை ஒரு தீர்மானத்தின் மூலம் தனதாக்கிக்கொள்ளலாம். புதிதாக எழுத வேண்டியதில்லை. ஆகவே போராட்டத்துக்கு நாள் குறிக்க முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: நீங்கள் கேட்கிற விதி ஏற்கனவே இருக்கிறதா? பல நேரங்களில் இருக்கும், யாரும் அமுல்படுத்துவதில்லை, அவ்வளவுதான். அப்போது உங்கள் கோரிக்கை "சட்டம் கொண்டுவா" என்பதிலிருந்து "இந்த உபவிதியை அமுல்படுத்து" என்று மாறும். அது அதிகாரிக்குத் தட்டிக்கழிக்க மிகவும் கஷ்டமான கோரிக்கை.

இதைக் கண்டுபிடிக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்: திண்மக்கழிவு தொடர்பாகத் தற்போது நடைமுறையில் உள்ள உபவிதிகளின் பிரதி, அவை வெளியான வர்த்தமானியின் இலக்கமும் திகதியும், கடந்த வருடம் அவற்றின் கீழ் தொடரப்பட்ட வழக்குகளின் எண்ணிக்கை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால், அல்லது பதிலே இல்லையென்றால், குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழு. தமிழில் எழுதுங்கள். வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

மகஜரில் என்ன எழுதுவது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வழக்கமான மகஜர் இப்படித்தான் இருக்கும்: "எழில் கொஞ்சும் எமது திருமலை மண்ணின் அழகைக் கெடுக்கும் குப்பைப் பிரச்சினைக்கு உரிய அதிகாரிகள் உடனடித் தீர்வு காண வேண்டுமெனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றோம்." வாசிக்க நன்றாக இருக்கும். அதை வாங்குகிற ஆணையாளர் "கவனத்தில் எடுக்கப்படும்" என்று எழுதிக் கோவையில் போட்டுவிடலாம். அவரைக் குறை சொல்லவும் முடியாது. செய்யக்கூடிய காரியம் எதையும் நாங்கள் அதில் கேட்கவே இல்லையே.

நகரத்துப் புள்ளிமான்களை எல்லோருக்கும் தெரியும். கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வீதிக்கு வந்து, கட்டி வைத்த குப்பைப் பையைக் கால்களால் கிண்டி, சோற்றோடு சேர்த்துப் பொலித்தீனையும் மெல்லும். வெளியூர்க்காரர் அதைப் படம் பிடிப்பார்கள். இதைத் தடுக்க ஓர் உபவிதி கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மகஜரில் இருக்க வேண்டியது ஏறக்குறைய இப்படி: சமைத்த உணவு விற்கும் ஒவ்வொரு கடையும் இறுக்கமான மூடியுள்ள இரண்டு தொட்டிகள் வைத்திருக்க வேண்டும், ஒன்று உக்குவதற்கு, மற்றது உக்காததற்கு. கடை மூடிய பிறகு குப்பைப் பையை வீதியோரத்தில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு வீதிக்கும் குப்பை வண்டி வரும் நாளையும் நேரத்தையும் சபை எழுத்தில் ஒட்ட வேண்டும். முதல் தடவை மீறினால் எழுத்து மூல எச்சரிக்கை, அடுத்த தடவை சட்டத்தில் உள்ள தண்டப்பணம்.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். அது கடைக்காரருக்குப் போடுகிற விதியில்லை, சபைக்குப் போடுகிற விதி. வண்டி எப்போது வரும் என்று தெரியாத கடைக்காரர் பையை வெளியே வைக்காமல் என்ன செய்வார்? மக்கள் எழுதுகிற வரைவுக்கும் அலுவலகத்தில் மட்டும் எழுதுகிற வரைவுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இப்படியான ஒரு வரியில்தான் தெரியும்.

இன்னொன்று. கூட்டத்தின் கோபத்தில் பிறக்கிற விதி, குரல் குறைந்தவனின் கழுத்தில்தான் முதலில் விழும். நடைபாதை வியாபாரிகளை அகற்று என்று கேட்பது சுலபம். சந்தைப் பக்கம் தரையில் சாக்கு விரித்துக் கீரையும் கருவாடும் விற்கிற அம்மாவுக்குச் சபையில் யார் பேசுவது? ஆகவே வரைவை இறுதி செய்ய முன் அதனால் பாதிக்கப்படுகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வர்த்தகர் சங்கம், முச்சக்கரவண்டிச் சங்கம், கழிவகற்றும் தொழிலாளர்கள். சண்டை வரும், வரட்டும். சபையில் வர வேண்டிய எதிர்ப்பு உங்கள் சனசமூக நிலையத்திலேயே வந்துவிட்டால் வரைவைத் திருத்த அவகாசம் கிடைக்கும்.

இங்கே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம். மகஜரைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரியுங்கள், கையெழுத்தை எல்லாப் பக்கமும் வாங்குங்கள். குப்பைப் பிரச்சினையை இனப் பிரச்சினையாக மாற்றிக் கையைக் கழுவ விரும்புகிறவர்கள் எல்லாத் தரப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டாம்.

சபைக்குள் ஒரு ஆள்

பொதுமகன் நேரடியாகச் சபையில் பிரேரணை கொண்டுவர முடியாது. உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். இப்போதைய முறையில் அறுபது வீதமான உறுப்பினர்கள் வட்டாரத்திலிருந்தும் மிச்சம் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வட்டார உறுப்பினரிடம் மட்டும் போகாமல் பட்டியலில் வந்தவர்களிடமும் போங்கள். குறிப்பாக, 25 வீத ஒதுக்கீட்டில் வந்த பெண் உறுப்பினர்கள் பலர் எடுத்துப் பேச ஒரு விடயம் தேடிக்கொண்டிருப்பவர்கள். முன்மொழிபவர் ஒரு கட்சி, வழிமொழிபவர் வேறு கட்சி என்று அமைந்தால் மிகவும் நல்லது.

சபை அமர்வு மாதாந்தம் நடக்கும். பிரேரணையை அமர்வுக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைசி நாள் எது என்று அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். போராட்டத்தின் நாளை இதோடு பொருத்துங்கள். பிரேரணை நிகழ்ச்சிநிரலில் ஏறிய பிறகு, அமர்வுக்கு ஓரிரு நாள் முன்னால் வீதியில் நின்றால் உள்ளே கை தூக்குகிறவர்களுக்கு அது நேரடியாகப் போய்ச் சேரும். அமர்வு முடிந்த மறுநாள் நின்றால் அடுத்த மாதத்துக்குள் ஆறிவிடும். அமர்வன்று நாலைந்து பேர் பார்வையாளர் பகுதியில் அமைதியாக உட்கார்ந்து யார் என்ன பேசினார் என்று குறிப்பெடுங்கள். கொப்பியும் பேனையுமாக ஆட்கள் இருப்பதைப் பார்த்தால் உறுப்பினர்களின் பேச்சு கொஞ்சம் மாறும்.

வருடக் கடைசியில் பாதீடு வரும். தொட்டிக்கும் வண்டிக்கும் ஆளுக்கும் அதில் காசு ஒதுக்காத உபவிதி வெறும் கடதாசி. பாதீட்டு வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பார்த்து எழுத்தில் கருத்துக் கொடுங்கள். அதற்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. அதனாலேயே நீங்கள் கொடுக்கிற ஒரு கடிதம் தனியாகத் தெரியும்.

போராட்ட நாள்

அமைதியாகக் கூடும் உரிமை அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரையில் இருக்கிறது. வரம்புகள் 15 இல். நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டியது: ஊர்வலம் போவதானால் தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன்னராவது அறிவித்தல் கொடுக்க வேண்டும். இது பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77 ஆம் பிரிவு. சட்டம் கேட்பது அறிவித்தலைத்தான். நான் சொல்வேன், இரண்டு நாள் முன்னமே கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். ஒலிபெருக்கிக்குத் தனியாக அனுமதி எடுக்க வேண்டும்.

சில வேளை பொலிஸார் நீதவானிடம் போய்த் தடையுத்தரவு எடுத்து வருவார்கள், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106 ஆம் பிரிவில். அதில் ஆட்களின் பெயர், இடம், நாள் இருக்கும். உத்தரவை வாங்கி நிதானமாக வாசியுங்கள். எந்த வீதி, எந்தத் திகதி, எது தடை என்று பாருங்கள். மீற வேண்டாம். சட்டத்தரணி மூலம் அதே நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் என்கிற மனுவைப் போட்டு மாற்றவோ நீக்கவோ கேட்கலாம். சிவில் உடையில் சிலர் வந்து படம் எடுப்பதும் இங்கே புதிதில்லை. புதியவர்கள் அதைக் கண்டு பதறுவார்கள், அல்லது போய் வாய் கொடுப்பார்கள். இரண்டும் வேண்டாம். ஒழுங்கமைப்பாளர் ஒருவர் போய் யார், எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும்.

நோயாளர் வண்டிக்கு வழி விடுங்கள். பதாகையில் உங்கள் வரைவின் முக்கிய வரியை எழுதுங்கள், "ஒழிக" வேண்டாம். "ஒவ்வொரு வீதிக்கும் குப்பை வண்டி நேரம் எழுத்தில் வேண்டும்" என்று எழுதினால் மறுநாள் பத்திரிகைப் படத்திலும் அதுவே வரும். கடையடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஹர்த்தால் இந்த ஊருக்குப் பழக்கமான ஆயுதம், பெரிய விடயங்களுக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. சபை உபவிதிக்காக அதை எடுத்தால் நாட்கூலிக்காரரின் ஒருநாள் வருமானம் போகும். அடுத்த தடவை கூப்பிட்டால் அவர் வரமாட்டார்.

பிறகு மகஜர் கையளிக்கும் நேரம். அந்தக் காட்சி பெரும்பாலும் இப்படி இருக்கும்.

"ஐயா, இந்தப் பிரதியில ஒரு சீல் அடிச்சுத் திகதி போட்டுத் தாங்கோ."

"வைச்சிட்டுப் போங்கோ தம்பி, பார்க்கிறம்."

"இல்லை ஐயா, சங்கத்துக் கோவைக்குத் தேவை. நிற்கிறோம்."

நில்லுங்கள். சீலும் திகதியும் இல்லாத மகஜர், கொடுக்காத மகஜர் மாதிரித்தான். பிரதிகளை மேயருக்கு, மாநகர ஆணையாளருக்கு, உள்ளூராட்சி ஆணையாளருக்கு, உங்கள் வட்டார உறுப்பினருக்கு என்று தனித்தனியாகக் கொடுங்கள். வெளியிலுள்ளவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை ஒட்டி வையுங்கள்.

தீர்மானம் நிறைவேறிய பிறகு

இங்கேதான் சனம் வீட்டுக்குப் போய்விடும். சபையில் ஏகமனதாக நிறைவேறியது என்று செய்தி வரும், பட்டாசும் கொளுத்துவார்கள். உண்மையில் பாதித் தூரம்தான் வந்திருக்கிறோம். வரைவு நிலையியற் குழுவில் கிடக்கலாம், உள்ளூராட்சித் திணைக்களத்தில் சட்ட ஆலோசனைக்குக் காத்திருக்கலாம், ஆளுநர் செயலகத்தில் ஒரு திருத்தத்தோடு திரும்பி வந்திருக்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தகவல் கோரிக்கை போடுங்கள்: இந்த வரைவு இப்போது எந்த அலுவலகத்தில், எந்தத் திகதியில் கிடைத்தது, அடுத்த நடவடிக்கை யாருடையது? இடையில் சொற்கள் மாறியிருந்தால் மாறிய பிரதியைக் கேளுங்கள். எங்கள் உதாரணத்தில் முதலில் காணாமல் போகக்கூடியது அந்த மூன்றாவது வரி, சபைக்குக் கடமை விதிக்கிற வரி.

வர்த்தமானியில் உள்ளூராட்சி அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமைகளில் நான்காம் பகுதியின் 'ஆ' பிரிவில் வரும். அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கைத்தொலைபேசி கையிலுள்ள சங்க இளைஞர் ஒருவரிடம் இதைப் பொறுப்புக் கொடுங்கள்.

சபையே தவறான விதியைக் கொண்டுவந்தாலோ, சட்டம் கொடுக்காத அதிகாரத்தை எடுத்தாலோ, மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை, அதாவது அந்தச் செயலை நிறுத்தவோ நீக்கவோ நீதிமன்றம் இடும் கட்டளை, கோரலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். இந்த ஒரு மாதத்தைப் போராட்டத்திலேயே கழித்துவிட்டுப் பிறகு சட்டத்தரணியைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வேண்டாம் என்று மக்கள் வீதியில் நின்றபோது, உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்துகொண்டிருந்தது. 2016 இல் அந்தத் திட்டம் அங்கே வராது என்று அரசு நீதிமன்றத்திலேயே சொன்னது. அப்படிச் சொன்னது வழக்கின் பதிவேட்டில் ஏறிவிட்டது. மேடையில் கொடுக்கிற வாக்குறுதியைப் போல அதைச் சுலபமாக மறுத்துவிட முடியாது.

வர்த்தமானியில் வந்த பிறகு அமுல்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் சபையின் வருமானப் பரிசோதகரும்தான். வர்த்தமானியின் பிரதியோடு போய் அவர்களைச் சந்தியுங்கள். உபவிதியின் சுருக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கடைகளுக்குக் கொடுங்கள், முக்கியமாக எதிர்த்தவர்களின் கடைகளுக்கு. உள்ளூராட்சிச் சபையின் ஆயுள் நான்கு வருடம். அதுவும் 2023 மார்ச்சில் கலைந்த சபைகளுக்கு அடுத்த தேர்தல் 2025 மே 6 வரை நடக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் மகஜர் கொடுக்கத் தெரிவான உறுப்பினரே இல்லை, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். ஆகவே சீல் அடித்த பிரதிகள், தகவல் கோரிக்கைப் பதில்கள், அமர்வுக் குறிப்புகள், வர்த்தமானி எல்லாவற்றையும் ஒரே கோவையில் போட்டுச் சங்கத்தின் அலுமாரியில் வையுங்கள், செயலாளரின் வீட்டில் வேண்டாம். நிர்வாகம் மாறுகிறபோது கணக்குப் புத்தகத்தோடு இந்தக் கோவையையும் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.